ஆண் வாத்து அசடு, பொட்டை வாத்து உஷாரு: நெசமா?

13.11.2023, ஒரு வாசகர் கேட்டது

எங்க மாமா அமெரிக்கால இருக்கார். அங்க இப்ப வாத்து வேட்டை சீசனாம். சுட்டுக் கொண்டாறதுல முக்காவாசி ஆண் வாத்துதான்னு சொல்றார், ஏன்னா ஆணு அசடு, தண்ணியில பொம்மை வாத்து மிதக்குறதைப் பார்த்ததும் பொத்துன்னு வந்து எறங்கிருமாம், பொட்டை ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் வருமாம். நம்ம பக்கம் குளத்துக்கு வர்ற வாத்துக்கும் இது பொருந்துமா? கொடைக்கானல், பழனிப் பக்கம் பார்த்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

14.11.2023, ராத்திரி

பொருந்தும், ஆனா உங்க மாமா சொல்ற காரணத்துக்கு இல்ல. எங்க வீட்டுல இதுக்குன்னே ஒரு சொலவடை இருக்கு. எங்க தாத்தா (அம்மாவோட அப்பா) கொடைக்கானல்ல ஒரு தொரை வீட்டுல சமையலுக்கு இருந்தவரு, சுதந்திரத்துக்கு முன்னாலயும் பின்னால கொஞ்ச வருஷமும். லீவு விட்டா தொரை துப்பாக்கியோட பழனிப் பக்கத்துக் குளங்களுக்கு எறங்குவாராம், தாத்தா சட்டிபானையத் தூக்கிக்கிட்டு பின்னாடியே. சுட்டு விழுந்ததைப் பொறுக்குறது, எறகு பிடுங்குறது, கீறிச் சுத்தம் பண்றது எல்லாம் அவர் வேலை. அவர் சொல்லுவாராம், "பொட்டை ஐப்பசியில வரும், சேவ தை பொறந்துதான் வரும்." (சேவன்னா ஆண் வாத்து.)

நான் ஆறு வருஷமா பைனாக்குலரும் நோட்டுமா சுத்துறேன். பண்ணைக்காட்டுல இருந்து பெருமாள்மலை வந்து பழனி ரோட்டுல எறங்குனா அடிவாரத்துல வரதமாநதி அணை, அதைத் தாண்டுனா ஆயக்குடிப் பக்கம் குளங்க. நீலச்சிறகின்னு வடக்க இருந்து குளிருக்கு வர்ற ஒரு சின்ன வாத்து. என் நோட்டுல ஐப்பசிப் பக்கம் எதைப் புரட்டுனாலும் "நீலச்சிறகி 40, எல்லாம் பொட்டை", "நீலச்சிறகி 25, எல்லாம் பொட்டை"ன்னுதான் இருக்கு. கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை போட்ட சேவ வாத்து மாசிக்கு முன்னால எனக்கு அனேகமா தட்டுப்பட்டதே இல்ல. ஆக பொட்டைங்க முன்னாடியே வந்து எடம் பார்த்து வைக்குது, சேவ சாவகாசமா வருது. வாடகைக்கு வீடு பார்க்குறது யாரு நம்ம வீட்டுல? அதே கதைதான்.

15.11.2023

துப்பாக்கி எங்க கிடைக்கும்னு தனியா ஒருத்தர் கேட்டிருக்கார். அப்பு, இங்க காட்டு வாத்தைச் சுட்டா ஜெயிலு. 1972ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அப்புறம் 1991ல வந்த திருத்தத்தோட லைசென்ஸ் வேட்டையும் போச்சு. நான் பேசுறது பார்க்குறதைப் பத்தி மட்டும்தான். பழைய கதை பேசலாம், புதுசா கதை உண்டாக்க வேணாம்.

18.11.2023

வீட்டு வாத்தை வெச்சுச் சொல்ல முடியாதான்னு கேள்வி. முடியும், அதுல நான் பட்ட அவமானத்தையும் சேர்த்தே சொல்றேன். நாலு வருஷம் முந்தி சந்தையில ஆறு வாத்து வாங்குனேன், விக்கிறவர் "ரெண்டு சேவ நாலு பொட்டை"ன்னு சத்தியம் பண்ணாத குறை. வீட்டுக்கு வந்து ஒரு மாசத்துல பார்த்தா நாலு சேவ, ரெண்டு பொட்டை. அந்த ரெண்டுக்கும் பின்கழுத்துல எறகே இல்ல, சேவ ஏறி ஏறிக் கொத்திப் பிடிச்சு மொட்டையாயிருச்சு. ஒரு சேவைக்கு அஞ்சாறு பொட்டைங்கிறது கணக்கு, என் வீட்டுல தலைகீழா நடந்துச்சு. முட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு சேவையை மசாலா அரைச்சுத்தான் பிரச்சனையைத் தீர்த்தோம்.

அப்புறம் ஆயக்குடிப் பக்கம் அறுத்த வயல்ல வாத்து மேய்க்க வந்தவர்கிட்ட கேட்டேன். ஆயிரத்துக்கு மேல வாத்து, ஒரு கம்பு, ஒரு ஆளு. அவர் ஒண்ணைக் கழுத்தோட அள்ளித் தூக்குனாரு, அது "க்வாக் க்வாக்"னு ஊரைக் கூட்டுச்சு. "இது பொட்டை." இன்னொண்ணைத் தூக்குனாரு, தொண்டை கட்டுன ஆளு மாதிரி "ஹ்ஹ்ஸ்"ன்னுச்சு. "இது சேவ. வாலைப் பாரு." வால்ல ரெண்டு மூணு எறகு மட்டும் மேல்பக்கமா சுருண்டு நின்னுச்சு, கடையில வாங்குன முறுக்கு மாதிரி. அவ்வளவுதான் பாடம், ரெண்டு நிமிஷம். சந்தையில எனக்கு இது தெரிஞ்சிருந்தா!

வாத்துன்னதும் நாம சொல்ற "க்வாக்" முழுக்க பொட்டையோட சத்தம். சேவைக்கு அது வராது.

26.11.2023

மாமா கதைக்கு வர்றேன். என் சித்தப்பா மகன் அர்க்கன்சாஸ்ல இருக்கான், ஆபீஸ் ஆளுங்களோட போன வருஷம் ரெண்டு தடவை வாத்து வேட்டைக்குப் போனவன் (சுட்டது அவங்க, இவன் குளிர்ல நடுங்குனது மட்டும்). நேத்து வாட்ஸ்அப்ல ஒரு மணி நேரம் பேசுனோம். கேட்டதும் எனக்கு உங்க மாமா கணக்குல பெரிய ஓட்டை தெரிஞ்சுருச்சு.

அங்க ஒரு ஆளு ஒரு நாளைக்கு ஆறு வாத்து சுடலாம், அதுல மல்லார்டுங்கிற சாதி வாத்து நாலுக்கு மேல கூடாது, அந்த நாலுலயும் பொட்டை ரெண்டுக்கு மேல கூடாது. 1934ல இருந்தே வாத்து ஸ்டாம்புன்னு ஒரு அனுமதிச் சீட்டு இருக்கு, அதை வாங்காம பெரியவங்க யாரும் வேட்டைக்குப் போக முடியாது, இப்ப 25 டாலர். தண்ணி நிக்கிற மரக்காட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல முங்கி நின்னுக்கிட்டு, விடியுறதுக்கு அரை மணி முன்னால இருந்து சுடலாம். ஊதி ஊதிக் கூப்பிடுவாங்களாம், ஊதுகுழல்ல வர்ற சத்தம் பொட்டை மல்லார்டோட சத்தம். வாத்துக் கூட்டம் மரத்துக்கு மேல தெரிஞ்சதும் எல்லாரும் தேடுறது பச்சைத் தலையை. பச்சைத் தலை சேவைக்குத்தான். பொட்டை பழுப்பா எறங்குனா கூட நிறைய பேர் துப்பாக்கியைத் தாழ்த்திருவாங்களாம், கணக்குல வந்துரும்னும், பொட்டை இருந்தாத்தான் அடுத்த வருஷம் குஞ்சுன்னும்.

அப்ப பையில சேவ அதிகமா இருக்கிறதுல என்ன ஆச்சரியம்? ஆளுங்க சேவையா பொறுக்கிச் சுடுறாங்க! அதோட இந்தச் சாதி வாத்துல மொத்தத்துலயே சேவதான் எண்ணிக்கையில கூட. காரணம் சோகமானது. நாலு வாரம் தரையில கூட்டுல அடைகாக்குறது பொட்டை மட்டும்தான், நரி அது இதுன்னு எல்லாம் கூட்டோட வந்து புடிக்கும். சேவ அந்த நேரத்துல கைகழுவிட்டுப் போயிருக்கும்.

பொம்மை வாத்துக்கு ஏமாறுறது யாருன்னா, சேவ பொட்டைங்கிறதை விட அந்த வருஷத்துக் குஞ்சுங்களும் எளைச்சுக் கெடக்குற வாத்துங்களும்தான். பசிச்சவன் யோசிக்க மாட்டான். ஆக "ஆணு அசடு"க்கு என் ஓட்டு இல்ல. எங்க தாத்தா சொலவடை மட்டும் நிக்குது.

03.12.2023

மழை. கீழ எறங்க முடியல, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. சும்மா இருக்குறப்ப சத்தத்தைப் பத்தி ஒண்ணு எழுதுறேன்.

சேவைக்கு ஏன் க்வாக் வரல? மூச்சுக்குழல் நெஞ்சுக்குள்ள ரெண்டாப் பிரியுற எடத்துலதான் பறவைக்குக் குரல். சேவ வாத்துக்கு அந்த எடத்துல கோலிக்குண்டு மாதிரி ஒரு எலும்பு உருண்டை வளர்ந்திருக்கும், உள்ள பொக்கு. பொட்டைக்கு அது இல்ல. மசாலாவுக்குப் போன என் ரெண்டு சேவையிலயும் கையில தட்டுப்பட்டுச்சு, முதல் தடவை ஏதோ நோயின்னு பயந்து தூக்கிப் போடப் பார்த்தேன், வீட்டம்மா திட்டுனாங்க.

நீலச்சிறகி சேவையோட சத்தம் இன்னும் வேடிக்கை. சீப்பை எடுத்து பல்லு மேல நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. அதேதான். எனக்கு அது காதுல விழுறது மாசி பங்குனியிலதான்.

17.12.2023

நேத்து வரதமாநதியில காலையில ஏழு மணிக்கு நீலச்சிறகி முப்பதுக்கு மேல. வழக்கம்போல எல்லாம் பழுப்பு, நோட்டுல "எல்லாம் பொட்டை"ன்னு எழுதிட்டேன். அப்ப ஒரு பருந்து மேல வட்டம் போட்டுச்சு, மொத்தமும் கெளம்பி தண்ணிக்கு மேல ஒரு சுத்து. தம்பி ஒருத்தன் (காலேஜ் பையன், நல்ல கேமரா) படபடன்னு எடுத்துத் தள்ளுனான். டீக்கடையில உக்காந்து படத்தைப் பெருசாக்கிக் காட்டுறான்: "அண்ணே, இதுல பாதிக்கு றெக்கை முன்பக்கம் வெளிர் நீலமா இருக்கே, பொட்டைக்கு அப்படி இருக்குமா?"

இருக்காது. பொட்டைக்கு அந்த எடம் மங்குன சாம்பல் பழுப்பு.

வடை தொண்டையில நின்னுருச்சு. ரெண்டு நாள் டைம் குடுங்க.

07.01.2024

ரெண்டு நாள் கேட்டு மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். 14.11ல நான் எழுதுனது தப்பு. வாடகை வீடு ஜோக்கையும் வாபஸ் வாங்கிக்கிறேன், வீட்டுல படிச்சுட்டு அதுக்கும் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

நடக்குறது இதுதான். இனப்பெருக்க காலம் முடிஞ்சதும் சேவ வாத்து பளபளப்பு எறகை எல்லாம் உதுத்துட்டு பொட்டை மாதிரியே பழுப்புக்கு மாறிரும். பறவை பார்க்குறவங்க எக்லிப்ஸ் எறகும்பாங்க. அதே சமயத்துல றெக்கையில இருக்குற பறக்குற எறகு மொத்தமும் ஒரே நேரத்துல விழுந்துரும், மூணு நாலு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்துல பளபளன்னு நின்னா நரிக்கு நாமளே தட்டுல வெச்ச மாதிரி, அதனால புதருக்குள்ள பழுப்பா பதுங்கும். இது நடக்குறது வடக்க, அதுங்க ஊர்ல. மல்லார்டு, ஊசிவால் வாத்து எல்லாம் குளிர்காலத் தொடக்கத்துலயே திரும்ப மாப்பிள்ளைக் கோலத்துக்கு வந்துரும். நீலச்சிறகி மட்டும் மகா சோம்பேறி, அந்த மழைக்கோட்டை மாசி வரைக்கும் கழட்டாது. நம்ம ஊருக்கு முதல்ல வந்து சேர்ற வாத்துகள்ல அதுவும் ஒண்ணு, ஆவணி புரட்டாசியிலயே வந்துரும். வந்ததுல இருந்து அஞ்சு மாசம் சேவையும் பொட்டை வேஷத்துலயே நம்ம கண்ணு முன்னால மேஞ்சுக்கிட்டு இருக்கு, நான் ஆறு வருஷமா அதைப் பொட்டைன்னு எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஆக தையில சேவ புதுசா வரல. இருந்த சேவதான் சட்டையை மாத்துது.

எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு கேப்பீங்க. எறகு விழுந்து முளைச்சாலும் றெக்கையோட நிறம் மாறாது, அதான் பிடி. நீலச்சிறகி சேவ எந்த வேஷத்துல இருந்தாலும் பறக்குறப்ப முன்றெக்கை வெளிர் நீலம். தட்டைவாயன்ங்கிற வாத்துல வளர்ந்த சேவைக்குக் கண்ணு மஞ்சள், பொட்டைக்குப் பெரும்பாலும் பழுப்புக் கண்ணு. மல்லார்டு பழுப்பா இருந்தாலும் அலகைப் பாருங்க, சேவைக்கு மஞ்சப் பச்சை அப்படியே இருக்கும், பொட்டைக்கு ஆரஞ்சு மேல கருப்புத் திட்டு. தண்ணியில உக்காந்திருக்குற பழுப்பு வாத்தை முந்நூறு மீட்டர்ல இருந்து பார்த்து "பொட்டை"ங்கிற ஆளை நம்பாதீங்க, என்னையும் சேர்த்து.

08.01.2024

"அப்ப உங்க தாத்தா பொய் சொன்னாரா?"ன்னு ஒருத்தர். தாத்தாவை இழுக்காதீங்கய்யா. அவர்கிட்ட பைனாக்குலர் கெடையாது.

28.01.2024

தைப்பூசம் முடிஞ்சு இப்பத்தான் ரோடு காலியாச்சு. மூணு நாளா பாதயாத்திரைக் கூட்டத்துக்குள்ள பைக் போகாது, நானும் போகல. இன்னைக்கு நேரா மேல மன்னவனூர் ஏரிக்குப் போனேன். ஒரே ஒரு ஜோடி புள்ளி மூக்கு வாத்து. இதுங்க வடக்க இருந்து வர்றதில்ல, நம்ம ஊர்க்காரங்க, சேவ பொட்டை ரெண்டும் பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணுதான். சீசனுக்கு சீசன் வேஷம் மாத்துற சமாச்சாரமே இல்ல. சத்தத்துல மட்டும் காட்டிக் குடுத்துரும், கத்துனது பொட்டை.

சீழ்க்கைச் சிரவின்னு விசில் அடிக்கிற வாத்து ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டா இன்னும் ஒரு படி. சேவையும் பொட்டையும் ஒரே நிறம், ஒரே விசில், அடைகாக்குறதும் மாத்தி மாத்தி ரெண்டும். "ஆண் வாத்து இப்படி, பெண் வாத்து அப்படி"ன்னு பொத்தாம் பொதுவா எழுதுனா இதுங்க சிரிக்கும். வேட்டைக் கணக்குன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ராஜஸ்தான் பரத்பூர்ல 1938 நவம்பர் 12ந்தேதி வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்ப ஒரே நாள்ல 4,273 பறவையைச் சுட்டுத் தள்ளுனாங்க, அதைக் கல்லுல வேற வெட்டி வெச்சிருக்காங்க. நவம்பர் மாசம்! அந்தக் குவியல்ல நீலச்சிறகியைப் பொறுக்கி "எல்லாம் பொட்டை"ன்னு எண்ணுன ஆளு எத்தனை பேரோ.

30.01.2024

போன குறிப்புல ஒண்ணு விட்டுப் போச்சு. தாத்தா சொலவடையில உண்மையே இல்லன்னு ஆயிரக் கூடாது. சில சாதியில சேவையும் பொட்டையும் நெசமாவே குளிர்காலத்தை வேற வேற எடத்துல கழிக்குது. களியன் வாத்துல சேவ வடக்கயே அதிகமா தங்கும், பொட்டை இன்னும் தெக்க எறங்கும். சேவ ஒடம்பு பெருசு, குளிர் தாங்கும், வசந்தத்துல சீக்கிரம் திரும்பலாம், பெரிய உருவத்தை வெச்சுத் தீனி எடத்துல பொட்டையைத் தள்ளியும் விடும்னு பல காரணம் சொல்றாங்க. நான் களியனைப் பார்த்ததே மொத்தம் நாலு தடவை, அதனால வாயை மூடிக்கிறேன்.

18.02.2024

கோலம் மாறிருச்சு! ஆயக்குடிப் பக்கக் குளத்துல இன்னைக்கு நீலச்சிறகி பதினெட்டு, அதுல ஏழுக்கு வெள்ளைப் புருவம் கண்ணுல இருந்து பிடரி வரைக்கும் எறங்கி பளிச்சுன்னு. ரெண்டுக்கு இன்னும் திட்டுத் திட்டா, பாதி மேக்கப்ல மேடைக்கு வந்த கூத்தாடி மாதிரி. கரையில ஆவாரஞ்செடிக்குப் பின்னால படுத்துக் கெடந்தேன், எறும்பு கடிச்சது தனிக் கதை.

ஒரு பொட்டையைச் சுத்தி நாலு சேவ. ஒவ்வொண்ணும் தலையைப் பின்னுக்கு முதுகுல படுற மாதிரி சாய்ச்சு அந்தச் சீப்புச் சத்தத்தை விடுது. பொட்டை ஒண்ணும் கண்டுக்காத மாதிரி நீந்துது. அப்புறம் அந்தப் பொட்டையே ஒரு சேவையோட பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டு, மத்த மூணு பக்கம் தோள் மேல அலகை வெடுக் வெடுக்னு நீட்டி நீட்டிக் காட்டுது. "இவனைப் போய் அடி"ன்னு சொல்ற மாதிரியே. அந்தச் சேவையும் வேற வழியில்லாம பாய்ஞ்சு ஒருத்தனைத் தொரத்துனான். விலங்கு நடத்தையை ஆராய்ஞ்ச கொன்ராட் லோரன்ஸ் 1941லயே வாத்தோட இந்த மாதிரி அசைவுகளை ஒண்ணொண்ணா பிரிச்சு எழுதியிருக்கார், பின்னால நோபலும் வாங்குனாரு. ஆனா படிக்கிறது வேற, நேர்ல எறும்புக்கடியோட பார்க்குறது வேற.

உஷாரு யாருன்னு கேட்டீங்கல்ல? ஜோடி சேர்ந்தப்புறம் பாருங்க. பொட்டை தலையை முக்கி மேயும், சேவ தலையைத் தூக்கிக்கிட்டு காவல் நிக்கும். முட்டைக்குச் சேர்த்து வைக்க வேண்டியது அவளாச்சே. அந்த நேரத்துல உஷாரு சேவதான். கேள்வி கேட்ட தம்பி, மாமாகிட்ட இதைச் சொல்லிருங்க.

இன்னொண்ணு. ஜோடி சேர்றது இங்க தெக்க, குளிர்காலத்துல. திரும்புறப்ப பொட்டை தான் பொறந்த பக்கத்துக்கே போகப் பார்க்கும், சேவ அவ பின்னாடியே போகும். அவன் பொறந்த ஊரு வேற எங்கயோ இருக்கும். வீட்டோட மாப்பிள்ளை, சைபீரியா வரைக்கும்.

25.03.2024

பங்குனி உத்திரம். காவடி பார்க்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு பழனி போனேன், திரும்புறப்ப வரதமாநதியில வண்டியை நிறுத்தி கரையில உக்கார வெச்சேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு, கண்ணு மங்கல், காது கூர். தண்ணியில ஒம்பது நீலச்சிறகிதான் மிச்சம், நாலு சேவ, பொறப்பட ரெடி. சீப்புச் சத்தம் கேட்டதும் அம்மா, "இது சேவ, தாத்தா அறுக்குறப்ப நெஞ்சுக்குள்ள ஒரு எலும்பு உருண்டை எடுப்பாரு, காய வெச்சு எங்களுக்கு வெளாடக் குடுப்பாரு"ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

"எப்பம்மா குடுப்பாரு? தையிலயா?"

"எப்பயும்தான். தீவாளி முடிஞ்சு மொத தடவை போயிட்டு வந்தாலே மடியில ஏழெட்டு இருக்கும்."

தீவாளிக்கு. எல்லாம் பொட்டையா இருக்க வேண்டிய ஐப்பசியில.

அப்ப அந்தச் சொலவடை என்னன்னு கேட்டேன், நான் சின்னப் பிள்ளையில கேட்டதைச் சொல்லிக் காட்டுனேன். அம்மா, "ஏன்டா பாதியைச் சொல்ற"ன்னு முழுசாச் சொன்னாங்க: "பொட்டை ஐப்பசியில வரும், சேவ தை பொறந்துதான் வரும்பாரு தொரை. நீ எறகைப் பார்க்குற தொரை, நான் எலும்பைப் பார்க்குறேன்."

தொரைகிட்ட நேர்ல சொன்னாரான்னு கேட்டேன். "சோத்துல கை வைக்கவா? எங்ககிட்டதான் சொல்லிச் சிரிப்பாரு"ன்னுட்டு, டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க.